நாற்பத்தொன்றாம் நாள்

விளையாட்டு வினையாகும் என்பது நம் முன்னோர் வாய்மொழி. விளையாட்டாகத் தொடங்கிய ஒன்று விபரீதத்தில் முடிதல் கூடும் என்று எச்சரிப்பதற்காக அவர்கள் அதனைச் சொன்னார்கள். இன்றோ அம்மொழியைத் தலைகீழாகத் திருப்பிப் படிக்கவேண்டிய காலம் வந்திருக்கிறது. வினைகளையெல்லாம் விளையாட்டாக்கித் தருகிறோம் என்று ஒரு புதுக்கலை புறப்பட்டிருக்கிறது. நடப்பது, படிப்பது, பணம் செலுத்துவது, வாகனம் ஓட்டுவது, ஏன், இறைமறை ஓதுவதுங்கூட அக்கலையின் கைக்குள் வந்துவிட்டது. அதனை நன்றென்பாரும் தீதென்பாரும் இருக்கின்றனர். இரு சாராரும் சொல்வதைச் சற்றே நின்று ஆராய்வது நம் குடும்பங்களுக்குப் பயனுடையதாகும் என்று கருதி இதனை எழுதுகிறேன்.

எழுதத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. அரியலூரில் உறவினர் ஒருவர் இல்லத்தில் ஓர் இரவு தங்க நேர்ந்தது. நள்ளிரவுக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது, அவ்வீட்டுப் பதின்மூன்று வயதுப் பையன் திடுக்கிட்டு எழுந்தான். தாயின் தலைமாட்டிலிருந்த கைப்பேசியை எடுத்தான். குர்ஆன் ஓதும் செயலி ஒன்றைத் திறந்து, விரலால் நான்கைந்து பக்கங்களைத் தள்ளினான். உதடு அசையவில்லை. திரையில் ஒரு தீச்சுடர்ப் படம் எரிந்தது. அவன் முகம் மலர்ந்தது.

"என்ன ஓதினே தம்பி?" என்று கேட்டேன்.

"ஓதல அஸரத். இன்னைக்குத் தொறக்கலேன்னா ஸ்ட்ரீக் போயிரும். நூத்திப் பன்னெண்டு நாளாச்சு" என்றான்.

நூற்றுப் பன்னிரண்டு நாட்களும் அவன் அவ்வாறே செய்தான் என்று நான் சொல்லமாட்டேன். தொடக்கத்தில் அவன் உண்மையிலேயே ஓதியிருப்பான். எந்த நாளில் ஓதல் நின்று எண்ணிக்கை மட்டும் எஞ்சியது என்பது அவனுக்கே தெரியாது. அந்த நாளைப் பற்றித்தான் இக்கட்டுரை.

கலையின் பெயரும் கருவிகளும்

ஆங்கிலத்தில் இதற்கு 'கேமிஃபிகேஷன்' என்று பெயர். நாம் விளையாட்டுமயமாக்கல் எனலாம். நிக் பெல்லிங் என்னும் ஆங்கிலேயர் 2002-ஆம் ஆண்டில் இச்சொல்லைப் படைத்தார். 2010-ஆம் ஆண்டை ஒட்டி அது உலகெங்கும் பரவியது. விளையாட்டு அல்லாத இடத்தில் விளையாட்டின் உறுப்புகளைப் பயன்படுத்துவது என்பது அறிஞர்கள் இதற்குக் கூறும் இலக்கணம். உறுப்புகள் யாவை எனில், புள்ளிகள், பதக்கங்கள், படிநிலைகள், முன்னணிப் பட்டியல், இறுதியாக நாம் மேலே கண்ட தொடர்நாள் கணக்கு. கணிப்பொறி விளையாட்டுகளில் மனிதனை மணிக்கணக்கில் கட்டிப்போடும் கயிறுகள் இவையே. அக்கயிறுகளை அவிழ்த்தெடுத்து வாழ்க்கையின் பிற தறிகளில் கட்டினால் மனிதன் நல்வழியில் நடப்பானன்றோ என்பது இக்கலையாளர் வாதம்.

வாதத்திற்குச் சான்றும் காட்டுகிறார்கள். 2009-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுத் தலைநகர் ஸ்டாக்ஹோமில், ஓடன்பிளான் சுரங்க இரயில் நிலையத்தின் படிக்கட்டை, கால் வைத்தால் இசை எழுப்பும் பியானோக் கட்டைகளாக மாற்றினார்கள். பக்கத்தில் நகரும் மின்படிக்கட்டு இருந்தும், வழக்கத்தைவிட 66 விழுக்காட்டினர் கூடுதலாகக் கால்நடையாகப் படியேறினர் என்று அறிவித்தார்கள். நம் நாட்டிலும் இத்தகைய முயற்சி நடந்தது. பெங்களூரு இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் பணியாளர்கள் காலை நெரிசலுக்கு முன்னரே வந்து சேர்ந்தால் புள்ளிகள் வழங்கி, அப்புள்ளிகளைக் கொண்டு வாரந்தோறும் குலுக்கிப் பரிசளிக்கும் திட்டம் ஒன்றை, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் பாலாஜி பிரபாகர் 2008-ஆம் ஆண்டில் தொடங்கினார். ஏறத்தாழ 14,000 பேர் பயணம் செய்த அந்நிறுவனத்தில், முன்னதாக வருவோர் தொகை இருமடங்காயிற்று. அதன் பின்னர் சிங்கப்பூர் இரயில்களிலும் 2012-இல் அத்தகைய திட்டம் செயற்பட்டது. எனவே இக்கலை வெறும் மாயம் என்று தள்ளிவிடலாகாது. மனிதனை அசைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. வினா, எத்திசையில், யார் பொருட்டு, எத்துணைக் காலத்திற்கு என்பதே.

புதிதன்று இது

பொழுதுபோக்கில் புத்திமதியை ஏற்றி அனுப்புவது கீழைநாட்டாருக்குப் புதிதன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் நம் அயல்வீட்டு இந்துக் குடும்பங்கள் விளையாடும் பரமபதசோபானப் படத்தை நாம் அறிவோம். புண்ணியம் ஏணியாய் ஏற்றும். பாவம் பாம்பாய் இறக்கும். ஆனால் அரபு மொழியிலும் இத்தகைய படம் ஒன்று உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 'ஷத்ரஞ்சுல் ஆரிஃபீன்', அதாவது மெய்ஞ்ஞானியரின் சதுரங்கம் என்பது அதன் பெயர். ஷைகு இப்னு அரபி அவர்களின் பெயரால் வழங்கிவரும் அப்படத்திற்கு, அல்ஜீரியாவின் திலிம்சானில் பிறந்து டமாஸ்கஸில் வாழ்ந்து 1961-இல் மறைந்த ஷைகு முஹம்மது அல்-ஹாஷிமீ ஒரு விரிவுரையே எழுதியிருக்கிறார். கட்டங்களில் உள்ளத்தின் நிலைகள் எழுதப்பட்டிருக்கும். நற்குணம் மேலேற்றும், தீக்குணம் கீழிறக்கும்.

நம் பாட்டிமார் ஆடிய பல்லாங்குழியுங்கூட அரபகத்தில் 'மன்கலா' என்று வழங்கும் ஆட்டத்தின் உடன்பிறப்பேயாகும். 'நகல', அதாவது இடம் மாற்றினான் என்னும் வினையிலிருந்து பிறந்தது அச்சொல். புளியங்கொட்டையை ஒரு குழியிலிருந்து மறுகுழிக்கு இடம் மாற்றிக்கொண்டே நம் பெண்மக்கள் எண்ணக் கற்றார்கள்.

இவ்விளையாட்டுகளுக்கும் இன்றைய செயலிகளுக்கும் உள்ள வேறுபாட்டை உற்று நோக்குதல் வேண்டும். பரமபதப் படத்தில் கடைசிக் கட்டம் ஒன்று உண்டு. அதனை அடைந்தவுடன் ஆட்டம் முடியும். படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு மக்கள் தம் வேலையைப் பார்ப்பார்கள். ஆட்டத்தில் கிடைத்த ஏற்றத்தை உண்மையான புண்ணியமென்று எவரும் எண்ணியதில்லை. பாடம் படத்தில் இருந்தது. செயல் வாழ்க்கையில் இருந்தது. இன்றைய கலையோ, செயலையே ஆட்டத்தின் காயாக்கிவிட்டது. அதற்குக் கடைசிக் கட்டமும் கிடையாது. முடியும் ஆட்டத்தால் அதனை விற்பவனுக்கு இலாபம் இல்லையன்றோ?

நம் பள்ளிக்கூடத்து ஏணி

நல்ல முறையில் விளையாட்டின் உறுப்பைப் பயன்படுத்த முடியுமா என்றால், முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. செயல்வழிக் கற்றல் என்னும் முறை 2003-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது. ஆந்திர மாநிலத்து ரிஷிவேலிப் பள்ளியின் முறையைக் கண்டுவந்து, எம். பி. விஜயகுமார் என்னும் ஆட்சிப்பணி அதிகாரி அதனை இங்குப் பரப்பினார். 2007-இல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் அது வந்தது. அரியலூர் பெரம்பலூரிலிருந்து மீண்டும் பிரிந்து தனி மாவட்டமானதும் அவ்வாண்டின் நவம்பர் மாதத்தில்தான். எனவே நம் பகுதி ஆசிரியர்களுக்கு அவ்விரண்டும் சேர்ந்தே நினைவில் நிற்கும்.

வகுப்பறைச் சுவரில் ஏணிப்படம். ஒவ்வொரு படியிலும் சின்னங்கள். சின்னத்திற்கேற்ற அட்டையைக் குழந்தை தானே எடுத்துத் தரையில் அமர்ந்து படிக்கும். முடித்ததும் அடுத்த படி. இதில் விளையாட்டின் வடிவம் முழுமையாக உண்டு. ஆயினும் அந்த ஏணியில் ஒரு நுட்பம் இருந்தது. காய்ச்சலால் பத்து நாள் வராத குழந்தை திரும்பி வந்தால், தான் விட்ட படியிலிருந்தே தொடரலாம். கீழே தள்ளும் பாம்பு அதில் இல்லை. முந்திச் சென்ற குழந்தையின் பெயரைப் பெரிதாய் எழுதிப் பிந்திய குழந்தையை நாணச் செய்யும் பட்டியல் அம்முறையின் உயிர்நாடியாக இருக்கவில்லை. ஏணி குழந்தையின் பொருட்டு நின்றது. ஏணியின் பொருட்டுக் குழந்தை நிற்கவில்லை.

அம்முறையில் குறைகளும் இருந்தன. அட்டை முடிந்ததா என்பதே கேள்வியாகி, கற்றானா என்பது மறந்துபோன வகுப்பறைகளும் உண்டு என்று ஆசிரிய நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்போது அதன் இடத்தில் 2022-ஆம் ஆண்டு முதல் 'எண்ணும் எழுத்தும்' என்னும் திட்டம் நடக்கிறது. எனினும் அந்த ஏணியின் நுட்பத்தை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னர் அது நமக்குத் தேவைப்படும்.

சுரண்டும் அட்டை

இனிப் பணத்தின் பக்கம் வருவோம். 2017-ஆம் ஆண்டு செப்டம்பரில் கூகுள் நிறுவனம் 'தேஸ்' என்னும் பெயரில் பணம் செலுத்தும் செயலியை நம் நாட்டில் வெளியிட்டது. மறு ஆண்டு அது 'கூகுள் பே' ஆயிற்று. பணம் அனுப்பினால் திரையில் ஓர் அட்டை தோன்றும். விரலால் சுரண்டினால் சில ரூபாய் விழலாம், விழாமலும் போகலாம். ஆங்கிலத்தில் அதற்கு 'ஸ்கிராட்ச் கார்டு' என்று பெயர். தமிழில் சுரண்டல் அட்டை எனலாம். அச்சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள் இருப்பது எதேச்சையாயினும் பொருத்தமே.

தொடக்க ஆண்டுகளில் அந்த அட்டைப் பரிசு தமிழ்நாட்டவர்க்குக் கிடையாது என்று அந்நிறுவனத்தின் விதிகளில் கண்டிருந்தது. காரணம், 1979-ஆம் ஆண்டிலேயே நம் மாநிலம் இயற்றிய பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம். பொருள் வாங்குவோரைக் குலுக்கல் பரிசு காட்டி இழுக்கலாகாது என்பது அதன் கருத்து. கைப்பேசி என்பதைக் கனவிலும் காணாத காலத்தில் எழுதிய சட்டம் கைப்பேசிக்குள்ளும் வேலை செய்தது. 2003-இல் பரிசுச்சீட்டு விற்பனையும் நம் மாநிலத்தில் தடை செய்யப்பட்டது. அதற்கு முன் கூலிக்காரர்கள் அன்றாடக் கூலியைச் சீட்டுக் கடையில் கொட்டிவிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்பியதைக் கண்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. பின்னர் இணையவழிச் சூதாட்டத்திற்கு எதிராக 2022-இல் மாநிலச் சட்டமுன்வடிவு நிறைவேறி, 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் நடுவணரசின் சட்டம் 2025 ஆகஸ்டில் இயற்றப்பட்டது.

அரபியில் சூதாட்டத்திற்கு 'மைஸிர்' என்று பெயர். எளிமை என்று பொருள்படும் 'யுஸ்ர்' என்னும் வேரோடு அதனைச் சேர்த்துக் காண்பர் மொழிநூலார். உழைப்பின்றி எளிதில் வருவது என்பது கருத்து. அறியாமைக்கால அரபியர் ஒட்டகத்தை அறுத்து, அம்புகளைக் குலுக்கிப் பங்கு பிரித்தனர். வென்றவர் அவ்விறைச்சியை ஏழைகளுக்கு வழங்குவதும் உண்டு. அதில் பயனே இல்லையென்று மார்க்கம் சொல்லவில்லை. பயனைவிடக் கேடு பெரிது என்பதே அதன் தீர்ப்பு. "நல்ல நோக்கத்திற்குத்தானே விளையாட்டைப் பயன்படுத்துகிறோம்" என்று இன்று வாதிடுவோர், ஏழையின் பங்கு அன்றும் அந்த ஆட்டத்தில் இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இதனால் பரிசு யாவும் விலக்கப்பட்டது என்று கொள்ளற்க. குதிரைப் பந்தயம், ஒட்டகப் பந்தயம், அம்பெய்தல் ஆகியவற்றில் பரிசளிக்க ஃபிக்ஹு நூலார் இடம் தந்துள்ளனர். போட்டியாளர் அல்லாத மூன்றாமவர் பரிசு தருவாராயின் அதில் சிக்கலே இல்லை. தோற்றவன் பொருளை வென்றவன் கொள்வதைத்தான் அவர்கள் தடுத்தார்கள். பயிற்சிக்குப் பரிசு வேறு. பரிசின் ஆசையே பயிற்சியாவது வேறு. அவ்விரண்டுக்கும் நடுவே கோடு கிழித்த அந்த நுண்ணறிவு இன்றைக்கும் நமக்கு வேண்டும்.

தங்க நட்சத்திரம்

1973-ஆம் ஆண்டில் அமெரிக்க உளநூலார் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர் ஒரு சோதனை செய்தனர். படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள மழலைப்பள்ளிக் குழந்தைகளை மூன்று கூட்டமாக்கினர். முதற் கூட்டத்தாரிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் சிவப்பு நாடாவும் கொண்ட சான்றிதழ் தருவோம் என்று முன்னரே சொன்னார்கள். இரண்டாம் கூட்டத்தாருக்குச் சொல்லாமல், வரைந்தபின் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் கூட்டத்தாருக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்து, எவரும் ஏவாத ஓய்வு நேரத்தில் யார் எத்துணை நேரம் வரைகிறார்கள் என்று மறைவில் நின்று கணக்கெடுத்தனர். பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்களைக் காட்டிலும் பாதி நேரமே வரைந்தனர். எதிர்பாராமல் பரிசு பெற்றவரிடத்தில் அக்குறைவு இல்லை.

ஆர்வம் அறவே இல்லாத செயலில் பரிசு ஒரு தொடக்கமாக உதவும் என்று மறுப்போரும் உளர்; அம்மறுப்பிலும் உண்மை உண்டு. ஆயின் தானே விரும்பிச் செய்வதைக் கூலிக்குச் செய்வதாக மாற்றிவிட்டால், கூலி நின்றவுடன் விருப்பமும் நின்றுவிடுகிறது. தங்க நட்சத்திரம் தீமையன்று. அதனை முன்கூட்டிப் பேசிய பேரம்தான் தீமை.

இப்பேரம் வயிற்றுப்பாட்டோடு சேரும்போது கொடுமையாகிறது. ஊபர் நிறுவனம் தன் ஓட்டுநர்களிடம் இத்தகைய உளவியல் உத்திகளைப் பயன்படுத்துவது பற்றி 2017-இல் நியூயார்க் டைம்ஸ் நாளேடு விரிவாக எழுதிற்று. களைத்துப்போய் வண்டியை நிறுத்த முனையும் ஓட்டுநரிடம், இன்னும் சிறு தொகை ஈட்டினால் இலக்கை எட்டிவிடலாம் என்று திரை சொல்லுமாம். நம் பெரம்பலூர், அரியலூர்ப் பிள்ளைகள் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் இருசக்கர வண்டியில் உணவுப் பொதி சுமக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள். இத்தனை பொதிக்கு இவ்வளவு ஊக்கத்தொகை, ஒன்று குறைந்தால் அத்தனையும் இல்லை என்னும் கணக்கு அவர்களுக்கு மனப்பாடம். விளையாட்டில் தோற்றால் எழுந்து போகலாம். இதில் எழுந்துபோக முடியாது. ஊரில் தாய் காத்திருக்கிறாள். எழுந்துபோக முடியாததை விளையாட்டு என்று அழைப்பது மொழிக்குச் செய்யும் அநீதியாகும்.

கோடு போட்ட கை

இதுகாறும் பிறரைக் குறை கூறினேன். இனி என் குறையைச் சொல்லவேண்டும்.

துருக்கி நாட்டிலும் நம் நாட்டின் சில நகரங்களிலும், நாற்பது நாள் தொடர்ந்து பள்ளிவாசலுக்கு வந்து தொழும் சிறுவர்களுக்கு மிதிவண்டி பரிசளித்த செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள். எங்கள் வட்டாரத்துப் பள்ளிவாசல் ஒன்றிலும் சில ஆண்டுகளுக்கு முன் அம்முயற்சியை மேற்கொண்டோம். ஜமாஅத்தார் பொருள் தந்தனர். வருகைப் பதிவேடு என் கையில் இருந்தது. ஃபஜ்ருத் தொழுகைக்கு ஒரு நாள் தவறினாலும் முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்பது விதி. அவ்விதியைப் பரிந்துரைத்தவனும் நானே.

முதல் வாரத்தில் பெரியவர்களின் கண்கள் கலங்கின. மூத்தவர் நால்வர் மட்டும் நிற்கும் அதிகாலை வரிசைக்குப் பின்னே சிறுவர்கள் இரண்டு வரிசை நின்றார்கள். குளிரில் நடுங்கிக்கொண்டு ஒளூச் செய்தார்கள். நான் பெருமை கொண்டேன்.

இருபத்தொன்பதாம் நாள் ஒரு சிறுவன் வரவில்லை. அவன் தாய் சின்னவெங்காய அறுவடைக்குக் கூலிக்குப் போகிறவர். அன்று விடியுமுன்பே ஆள் ஏற்றும் வண்டி வந்துவிட்டது. கைக்குழந்தைத் தங்கையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. மறுநாள் வந்து காரணம் சொன்னான். விதி விதிதான் என்று சொல்லி, அவன் பெயருக்கு எதிரே சிவப்புக் கோடு போட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. தொழுதுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு வரவேயில்லை.

நாற்பதாம் நாள் விழா நடந்தது. மிதிவண்டிகள் வரிசையாய் நின்றன. வெங்காயக் கொல்லைக்குப் போகவேண்டாத வீட்டுப் பிள்ளைகளே பெரும்பாலும் அவற்றைப் பெற்றார்கள் என்பதை அன்று நான் கவனிக்கவில்லை. நாற்பத்தொன்றாம் நாள் காலையில் மூத்தவர் நால்வருக்குப் பின்னே மூன்று சிறுவர்கள் நின்றார்கள். அவர்களில் இருவர் போட்டிக்கு முன்பே பாட்டனாரின் கைப்பிடித்து வந்துகொண்டிருந்தவர்கள். மூன்றாமவன் ஒருவனே புதியவன். அவன் ஏன் நின்றான் என்று பின்னர் அறிந்தேன். பாய் விரிக்கும் வேலையை மோதினார் அவனிடம் ஒப்படைத்திருந்தார். தான் போகாவிட்டால் பாய் யார் விரிப்பார் என்று அவனுக்குக் கவலை. அவனை நிறுத்தியது பரிசன்று; பொறுப்பு.

அன்றைக்குத்தான் நான் மதரஸாவில் ஓதிய பாடங்கள் நினைவுக்கு வந்தன. காலங்கடந்து வருவதே நம் கல்வியின் குறை. புகாரீ இமாம் அவர்கள் தம் பெருந்தொகுப்பைத் தொடங்குவதே நிய்யத்தைப் பற்றிய அறிவிப்பைக் கொண்டுதான். செயலின் மதிப்பு எண்ணத்தில் இருக்கிறதேயன்றி எண்ணிக்கையில் இல்லை என்பதை அங்கிருந்தே நாம் கற்றோம். தமிழில் எண்ணம், எண்ணிக்கை ஆகிய இரண்டுக்கும் 'எண்' என்பதே வேர். வேர் ஒன்றாயினும் கனி வேறு.

இமாம் கஸ்ஸாலி அவர்கள் இஹ்யாவில் மனப்பயிற்சியைப் பற்றிப் பேசுமிடத்தில் ஓர் உவமை காட்டுகிறார்கள். சிறுவனைப் படிப்பின் பக்கம் இழுக்க முதலில் பந்தும் மட்டையும் காட்டவேண்டும்; பிறகு நல்லாடையின் ஆசை; அதன்பின் தலைமையின் ஆசை; கடைசியாக மறுமையின் நாட்டம். அதுமட்டுமன்று, பாடம் முடிந்த பிள்ளையை விளையாடவிடாது தடுத்தால் உள்ளம் செத்துவிடும் என்றும் அவர்கள் கூறியுள்ளார்கள். ஆகவே, விளையாட்டைக் கருவியாக்குவது மார்க்க அறிஞர்க்கு உடன்பாடே. ஆனால் கஸ்ஸாலியின் ஏணியில் ஒவ்வொரு படியும் விட்டு ஏறுவதற்காகவே வைக்கப்பட்டது. பந்தைக் காட்டியவர், பந்தை எப்போது மறைப்பது என்பதையும் அறிந்திருந்தார். நாங்களோ மிதிவண்டியைக் காட்டினோம். நாற்பத்தொன்றாம் நாளைப் பற்றி எவரும் ஒரு சொல்லும் பேசவில்லை.

மூன்று கேள்விகள்

இனி எவரேனும் ஒரு செயலியையோ திட்டத்தையோ கொண்டுவந்து, இது உங்கள் பிள்ளையை நல்வழிப்படுத்தும் என்று சொன்னால், நாம் மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும்.

முதலாவது, இந்த ஏணி என்றைக்கு விடப்படும்? பழக்கம் வேரூன்றியபின் புள்ளியும் சுடரும் தாமே விலகுமா, அல்லது மென்மேலும் இறுக்குமா?

இரண்டாவது, தவறியவனுக்குத் திரும்ப வழி உண்டா? நம் மார்க்கத்தில் தவறிய தொழுகைக்குக் களா உண்டு. விடுபட்ட நோன்புக்கு வேறு நாள் உண்டு. பாவத்திற்குத் தவ்பா உண்டு. தொடர்நாள் கணக்கில் தவ்பாவுக்கு இடமில்லை. ஒரு நாள் தவறினால் நூறு நாளும் சுழியாகிவிடும். மொழி கற்பிக்கும் டுவோலிங்கோ என்னும் செயலியில் விட்டுப்போகும் நாளை ஈடுகட்ட ஒரு காப்பு உண்டு. சேர்த்துவைத்த செல்வக்கற்களைக் கொடுத்து அதனை வாங்கவேண்டும். குறைவாயினும் தொடர்ந்து செய்வதே சிறந்தது என்னும் நபிமொழிக் கருத்தை இதற்கு ஆதரவாகக் காட்டுவோர் உண்டு. அவர்கள் மற்றொன்றையும் மறவாதிருக்கட்டும். நோயாளிக்கும் பயணிக்கும், அவர் நலமாய் ஊரிலிருந்தபோது வழக்கமாகச் செய்துவந்த நன்மை அப்படியே எழுதப்படும் என்பதும் நபிமொழிக் கருத்தே. செயலியின் பதிவேடு அவ்வாறு எழுதுமா? என் பதிவேடு எழுதவில்லை.

மூன்றாவது, விதியை வகுத்தவன் யார், வென்றால் யாருக்கு இலாபம்? பிள்ளைக்கா, அவனுடைய நேரத்தை விற்பவனுக்கா?

செயல்வழிக் கற்றலின் ஏணி இக்கேள்விகளுக்கு ஓரளவேனும் விடை சொல்லும். பணச் செயலியின் சுரண்டும் அட்டை சொல்லாது. எங்கள் மிதிவண்டித் திட்டமும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு நாங்கள் முறையை மாற்றினோம். பதிவேட்டை மூடினேன். வருகிற பிள்ளைகளுக்குப் பாய் விரிக்க, விளக்கேற்ற, ஒளூச் செய்யும் இடத்தில் தண்ணீர் பார்க்க என்று ஆளுக்கொரு பொறுப்பை மோதினார் பிரித்துக் கொடுத்தார். அறிவிப்பு ஏதும் இன்றிப் பெருநாளன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரிச் சிறு பரிசு கொடுத்தோம். வரிசை நீளமாக இல்லை. ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். சில நாள் நால்வர். பார்த்துக் கண்கலங்குவோரும் இல்லை. புகைப்படம் எடுப்போரும் இல்லை.

சிவப்புக் கோடு போட்டேனே, அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு நானே போனேன். தாயார் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அஸரத் எதுக்கு இம்புட்டுத் தொலைவு வந்தீங்க" என்று பதறினார். தப்பு என்னுடையது என்று சொல்லத்தான் வந்தேன் என்றேன். பையன் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தான். முன்னே வரவில்லை. நானும் அழைக்கவில்லை.

இரண்டு வெள்ளிக்கிழமைகள் கழித்து ஜும்ஆவில் அவனைக் கடைசி வரிசையில் கண்டேன். தோளில் தங்கையைத் தூக்கி வந்திருந்தான். அவன் தொழுது முடிக்கும்வரை மோதினார் அக்குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டார். அவன் அதன்பின் எத்தனை நாள் வந்தான் என்று கேட்பீர்களாயின், தெரியாது. நான் எண்ணவில்லை.